நூலைப் பிரிந்த பொன் ஏடுகள்

இலண்டனிலும் நியூயார்க்கிலும் நடைபெறும் பழம்பொருள் ஏலங்களில் ஒரு வகைப் பொருள் அடிக்கடி இடம்பெறுகிறது. அது உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதான ஒரு தோல் ஏடு. அதில் இலத்தீன் எழுத்துகள் இரு பத்திகளாக, எறும்பு வரிசைபோல் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும். பத்தியின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் மாறி மாறி வரும். ஓரிடத்தில் கட்டை விரல் அளவே உள்ள ஓர் ஓவியம் இருக்கும். அதில் பதித்த பொன் எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் மங்காமல் ஒளிவிடும். "இலத்தீன் விவிலியத்தின் ஓர் ஏடு, பாரிசு, 13ஆம் நூற்றாண்டு" என்று ஏலப் பட்டியலில் ஒரு வரிக் குறிப்பு காணப்படும்.

பார்ப்பவர் கண்ணைக் கவரும் இந்த ஏடு எவ்வாறு உருவாயிற்று? நூலிலிருந்து அதைப் பிரித்தவர் யார்? அதை விலைகொடுத்து வாங்குபவர் ஒரு கலைச் செல்வத்தைக் காப்பாற்றுகிறாரா, அல்லது இன்னொரு நூல் அறுபடுவதற்குத் துணைபோகிறாரா? வரலாறும் வேதியியலும் வணிகமும் பின்னிக் கிடக்கும் இக்கேள்விகளுக்கு விடை காண முயல்வோம்.

தோல் தாளான விதம்

காகிதம் ஐரோப்பாவில் பரவுவதற்கு முன்பு அங்கே நூல்கள் தோல்தாளில் எழுதப்பட்டன. கன்று, செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றின் தோலே இதற்குப் பயன்பட்டது. செருப்புத் தோலைப்போல் இது துவர்ப்புப் பொருள்களால் பதனிடப்படுவதில்லை. தோலைச் சுண்ணாம்பு நீரில் பல நாள் ஊறவைத்து, மயிரை மழித்து, ஒரு மரச் சட்டத்தில் கயிறுகளால் இழுத்துக் கட்டுவார்கள். ஈரமாக, விறைப்பாக இருக்கும் நிலையிலேயே பிறைவடிவக் கத்தியால் இரு பக்கமும் சுரண்டி மெல்லியதாக்குவார்கள். இழுவிசையில் உலரும்போது தோலின் கொலாஜன் இழைகள் அடுக்கடுக்காகப் படிந்து, தட்டையான உறுதியான தாள் கிடைக்கிறது. பின்னர் நுரைக்கல்லால் தேய்த்தால் மை பரவாமல் எழுதத்தக்க பரப்பு உண்டாகும்.

இத்தாளின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் இரா. மயிர் இருந்த பக்கம் சற்று மஞ்சள் படர்ந்து, மயிர்க்கால்களின் புள்ளிகளோடு தோன்றும். தசை ஒட்டியிருந்த பக்கம் வெண்மையாக இருக்கும். நூல் செய்தவர்கள் தாள்களை அடுக்கும்போது மயிர்ப் பக்கம் மயிர்ப் பக்கத்தையும், தசைப் பக்கம் தசைப் பக்கத்தையும் நோக்குமாறு வைத்தனர். எனவே நூலை எங்குத் திறந்தாலும் இரு பக்கங்களும் ஒரே நிறத்தில் தெரிந்தன.

தாள்களை நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, முதுகில் தைத்தனர். இன்றைய அச்சகத்தார் 'பாரம்' என்று சொல்வதைப் போன்றதே அந்த மடிப்புத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியின் கடைசிப் பக்கத்தின் அடியில், அடுத்த தொகுதியின் முதற் சொல்லைச் சிறிதாக எழுதிவைப்பதும் உண்டு. கட்டுபவர் வரிசை தவறாமல் இருக்க இது உதவியது. இன்று சிதறிய ஏடுகளை வரிசைப்படுத்தும் ஆய்வாளருக்கும் இச்சிறு சொல்லே வழிகாட்டுகிறது.

மையும் வண்ணமும் பொன்னும்

எழுதப் பயன்பட்ட கருமையின் மூலப்பொருள்கள் நமக்குப் புதியவை அல்ல. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாசிக்காயும் அன்னபேதியும்தான் அவை. ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடும்போது உண்டாகும் புடைப்பே மாசிக்காய். அதில் உள்ள துவர்ப்பு அமிலம், அன்னபேதி என்னும் இரும்பு சல்பேட்டுடன் வினைபுரிகிறது. இக்கரைசலுடன் வேலம் பிசினைக் கலந்து எழுதினால், முதலில் வெளிறித் தோன்றும் எழுத்து காற்றில் உள்ள ஆக்சிஜனால் கறுத்துவிடும். மை தோலுக்குள் ஊடுருவிப் பிடித்துக்கொள்வதால் பிழையைத் திருத்த வேண்டுமானால் கத்தியால் சுரண்டுவதே வழி. எழுத்தர் ஒரு கையில் வாத்து இறகையும் மறு கையில் கத்தியையும் பிடித்திருப்பதாக அக்கால ஓவியங்கள் காட்டுவதற்குக் காரணம் இதுதான்.

வண்ணங்கள் பல நாடுகளிலிருந்து வந்தன. ஆழ்ந்த நீலம் ஆப்கானித்தானத்தின் பதக்சான் மலைச் சுரங்கங்களில் எடுத்த லாபிஸ் லாசுலி என்னும் கல்லைப் பொடித்துப் பெறப்பட்டது. விலை குறைந்த நீலத்துக்குச் செம்புத் தாதுவான அசுரைட் பயன்பட்டது. பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்துச் செய்த சாதிலிங்கம் செந்நிறம் தந்தது. செம்புக் களிம்பு பச்சை தந்தது. இளஞ்சிவப்புச் சாயத்துக்குரிய பதங்கக் கட்டை தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறியது. அதில் ஒரு வகையைக் கொல்லம் துறையின் பெயராலேயே இத்தாலிய வணிகர்கள் அழைத்தனர்.

பொன் ஒப்பனை செய்யும் முறை தஞ்சாவூர் ஓவியத்தை நினைவூட்டும். சுண்ண மாவும் பசையும் கலந்த குழம்பை ஓவியத்தில் பொன் வரவேண்டிய இடத்தில் சற்று மேடாகப் பூசுவார்கள். அதன்மேல் வாய்க்காற்றின் ஈரம் பட ஊதி, தங்க ரேக்கை ஒட்டுவார்கள். பிறகு நாய்ப் பல்லாலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்து மெருகேற்றுவார்கள். மேடான பரப்பில் ஒளி பல கோணங்களில் பட்டுத் திரும்புவதால் ஏட்டைச் சற்றே அசைத்தாலும் பொன் மின்னுகிறது. பொன்னைப் பதித்த பின்பே வண்ணம் தீட்டுவர். இல்லையெனில் ரேக்கு ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பெரும் படியும் கைப்படியும்

இலத்தீன் விவிலியத்தின் அடிப்படை, கி.பி. 382ஆம் ஆண்டளவில் போப் தமாசசின் வேண்டுகோளின்படி ஜெரோம் தொடங்கிய திருத்தமும் மொழிபெயர்ப்பும் ஆகும். 'வல்கேட்' எனப்படும் இப்பாடம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கையாலேயே படியெடுக்கப்பட்டது.

முழு விவிலியமாக இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய வல்கேட் படி 'கோடெக்ஸ் அமியாட்டினஸ்' ஆகும். வட இங்கிலாந்தின் வியர்மவுத்-ஜாரோ மடத்தில் தலைவராக இருந்த சியோல்ஃபிரித் மூன்று பெரும் படிகளை எழுதச் செய்தார். அவற்றுள் ஒன்றைப் போப்புக்குக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு 716இல் உரோமுக்குப் புறப்பட்டார். வழியிலேயே உயிர் நீத்தார். அந்தப் படி இன்று இத்தாலியின் புளோரன்சு நகரில், லாரன்சிய நூலகத்தில் உள்ளது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகளைக் கொண்ட அதன் எடை ஏறத்தாழ 34 கிலோகிராம். அதற்கு 500க்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் தேவைப்பட்டிருக்கும்.

12ஆம் நூற்றாண்டில் மடங்களிலும் பேராலயங்களிலும் வைத்துப் படிக்கும் பெரும் படிகள் பெருகின. இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தில் உள்ள விவிலியம் அவற்றுள் தலைசிறந்தது. 468 ஏடுகளையும் ஒரே எழுத்தர் எழுதினார் எனக் கருதப்படுகிறது. ஓவியர் பலர் உழைத்தும் ஓவியப் பணி முடிவடையவில்லை.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறியது. பாரிசில் பல்கலைக்கழகம் வளர்ந்தது. ஊர் ஊராகச் சென்று உபதேசிக்கும் தொமினிக்கத் துறவியரும் பிரான்சிஸ்கத் துறவியரும் தோன்றினர். மாணவருக்கும் துறவிக்கும் தோளில் மாட்டிய பையில் அடங்கும் விவிலியம் தேவைப்பட்டது. பாரிசில் தொழில்முறை எழுத்தரும் ஓவியரும் நூல் வணிகரும் சேர்ந்து இத்தேவையை நிறைவு செய்தனர். எழுத்து சிறுத்தது; தோல்தாள் மெலிந்தது; முழு விவிலியமும் ஒரே நூலுக்குள் அடங்கியது. உட்பிரிவு நூல்களின் வரிசை ஓரளவு நிலைபெற்றது. ஸ்டீபன் லாங்டன் என்ற பாரிசு ஆசிரியருடன் தொடர்புபடுத்திச் சொல்லப்படும் அதிகாரப் பிரிவுகளும் பரவின. இன்று நாம் காணும் அதிகார எண்கள் அப்பிரிவுகளின் வழிவந்தவையே.

இப்படிகளில் ஒவ்வொரு உட்பிரிவு நூலின் முதலெழுத்தும் ஓவியமாகும். ஆதியாகமத்தின் முதலெழுத்து நீண்ட தூண்போல் பத்தி முழுவதும் இறங்கும். அதனுள் ஏழு வட்டங்களில் படைப்பின் ஏழு நாள்கள் இருக்கும். சங்கீதங்களின் தொடக்கத்தில் தாவீது யாழ் மீட்டுவார். பவுலின் கடிதங்களில் அவர் வாளேந்தி நிற்பார். யோனா மீனின் வாயிலிருந்து வெளிப்படுவார். ஓவியம் அழகுக்காக மட்டும் தீட்டப்படவில்லை. பக்க எண் இல்லாத நூலில் வேண்டிய பகுதியை விரைவில் கண்டுபிடிக்கவும் அது அடையாளமாயிற்று.

ஏடுகள் பிரிந்த வரலாறு

நூல்கள் பிரிந்ததற்கு முதற் காரணம் அவற்றின் அழகன்று, தோலின் உறுதியே. அச்சு நூல்கள் பெருகியதும் பழைய கையெழுத்துப் படிகள் பயனற்றவை என்று கருதப்பட்டன. ஆனால் தோல்தாள் வலுவானது. புத்தகம் கட்டுவோர் அதைக் கிழித்து அட்டைக்கும் முதுகுக்கும் பயன்படுத்தினர். இங்கிலாந்தில் 1536 முதல் 1540 வரை மடங்கள் கலைக்கப்பட்டபோது நூலகங்களும் கலைந்தன. மடத்து நூல்களின் ஏடுகள் விளக்குத் தண்டு துலக்கவும் காலணி துடைக்கவும் மளிகைப் பொருள் மடிக்கவும் போயின என்றும், கப்பல் கப்பலாக வெளிநாட்டுப் புத்தகக் கட்டுநர்களுக்கு விற்கப்பட்டன என்றும் ஜான் பேல் 1549இல் வருந்தி எழுதினார். சுவீடனில் அரசு அலுவலர்கள் வரிக் கணக்குகளுக்கு உறைபோட இத்தகைய ஏடுகளை எடுத்துக்கொண்டனர். அந்த உறைகளாகவே பிழைத்த 22,000க்கும் மேற்பட்ட துண்டுகள் இன்று அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

சியோல்ஃபிரித் செய்வித்த மூன்று படிகளுள் இங்கிலாந்திலேயே தங்கிய இரண்டுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அவற்றைச் சேர்ந்த 11 ஏடுகள் நாட்டிங்காம்சயர் நிலக்கிழார் குடும்பம் ஒன்றின் ஆவணங்களுக்கு உறையாக இருந்து கிடைத்தன. மற்றோர் ஏட்டை நியூகாசில் நகரக் கடை ஒன்றில் வில்லியம் கிரீன்வெல் என்ற குருவானவர் கண்டெடுத்தார். பழம்பொருள் சேகரிப்பில் ஈடுபாடு கொண்ட அவர் கையில் சிக்காதிருந்தால் அது அழிந்திருக்கக்கூடும். ஓவியமோ பொன்னோ இல்லாத அந்த ஏடு, அமியாட்டினசின் உடன்பிறப்பு என்பதற்கு அதன் எழுத்தே சான்று.

இரண்டாம் காரணம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. ஓவியங்களைத் தனியாக வெட்டி எடுத்து விரும்பிச் சேர்ப்போர் உருவாயினர். 1798இல் பிரெஞ்சுப் படைகள் உரோமில் புகுந்தபோது போப்பின் சிஸ்டைன் ஆலயத்து வழிபாட்டு நூல்கள் சூறையாடப்பட்டன. அவற்றிலிருந்து வெட்டிய ஓவியங்களைச் செலோட்டி என்ற இத்தாலிய வணிகர் 1825இல் இலண்டனில் ஏலமிட்டார். வெட்டெடுத்த ஓவியங்களுக்கென்றே நடந்த முதல் பெரும் ஏலம் அதுவே. கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கினே தம்மிடமிருந்த நூல்களை ஏடு ஏடாகப் பிரித்தார். 1854ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அவ்வேலையைக் குறித்தும் வைத்தார். பிரித்தவற்றைப் பள்ளிகளுக்கும் நண்பர்களுக்கும் வழங்கினார். நூலை நேசித்தவரே நூலை அறுத்தார் என்பது இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணும் முரண்பாடு.

ஒரு பேராசிரியரின் நியாயம்

20ஆம் நூற்றாண்டில் இம்முரண்பாட்டின் உருவமாக விளங்கியவர் ஆட்டோ ஈகே. 1888இல் பிறந்த இவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கலைப் பள்ளி ஆசிரியராக இருந்தார். இடைக்கால நூல்களை வாங்கிப் பிரித்து, ஏடுகளை அட்டையில் பொருத்தி, கல்லூரிகளுக்கும் நூலகங்களுக்கும் தனியாருக்கும் விற்றார். தாம் நூல் அழிப்பவர் என்று 1938இல் ஒரு கட்டுரையில் அவரே வெளிப்படையாக அறிவித்தார். முழு நூல் ஒன்றை வாங்க வசதியுள்ளவர் மிகச் சிலர். ஓர் ஏட்டை வாங்கக்கூடியவர் பல நூறு பேர். மூல ஏட்டைக் கையில் ஏந்திப் பார்ப்பதால் வரும் அறிவும் உவகையும் வேறெதிலும் கிடைக்கா என்பது அவர் தந்த நியாயம்.

1951இல் அவர் காலமான பின் அவர் மனைவி, '50 மூல ஏடுகள்' என்ற தொகுதியைப் பெட்டிகளாக விற்பனை செய்தார். ஐம்பது நூல்களிலிருந்து நூலுக்கு ஓர் ஏடு வீதம் ஒவ்வொரு பெட்டியிலும் இருந்தது. இவ்வாறு 40 பெட்டிகள் ஆயத்தமாயின. பல பெட்டிகள் சிறு நகரக் கல்லூரிகளைச் சென்றடைந்தன. ஐரோப்பாவுக்குப் போகும் வாய்ப்பே இல்லாத மாணவர்கள் 13ஆம் நூற்றாண்டு விவிலிய ஏட்டைத் தொட்டுப் பார்த்தனர். ஈகேயின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த வாதத்தின் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. எடுத்துக்காட்டாக, 500 ஏடுகள் கொண்ட ஒரு விவிலியத்தின் விலை 1,00,000 ரூபாய் என்று கற்பனை செய்வோம். அதில் 80 ஏடுகளில் ஓவியம் உள்ளது. மற்ற 420 ஏடுகளில் எழுத்து மட்டுமே. எழுத்து ஏட்டை 400 ரூபாய்க்கும் ஓவிய ஏட்டை 4,000 ரூபாய்க்கும் விற்றால் கிடைப்பது 4,88,000 ரூபாய். நூல் முழுமையாக இருப்பதைவிடச் சிதறினால் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆதாயம்! எண்கள் கற்பனையானவை, ஆனால் வணிகரைக் கத்தியெடுக்கத் தூண்டுவது இத்தகைய கணக்குத்தான். ஏட்டை வாங்குவோர் பெருகப் பெருகக் கத்தியும் கூர்மை பெறும்.

அச்சு நூலும் இதற்குத் தப்பவில்லை. கூட்டன்பர்க் 1455ஆம் ஆண்டளவில் அச்சிட்ட இலத்தீன் விவிலியத்தின் குறைபட்ட படி ஒன்றை நியூயார்க் வணிகர் கேப்ரியல் வெல்ஸ் 1921இல் பிரித்து ஏடு ஏடாக விற்றார். முன்பே குறைபட்டது என்பதே அங்கும் சொல்லப்பட்ட சமாதானம்.

ஓர் ஏடு சொல்வதும் சொல்லாததும்

தனி ஏடு ஒன்று எவ்வளவு செய்தி தரும்? பயிற்சி பெற்ற கண்ணுக்கு நிறையவே தரும். பக்கத்தில் கோடிட்டு எழுதிய அக்காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை எழுத்தர்கள் முதல் வரியை மேல்கோட்டின் மேலே எழுதினர். பின்னர் அக்கோட்டின் கீழே எழுதத் தொடங்கினர். எனவே முதல் வரி இருக்கும் இடமே காலத்தைச் சுட்டும். வசன எண்கள் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இராபர்ட் எசுதியேன் அச்சிட்ட பதிப்புகளால் நிலைபெற்றவை. ஆகவே இடைக்கால ஏட்டில் அதிகார எண் இருக்கும். இன்றைய வசன எண் இராது.

போலியையும் ஏடே காட்டிக்கொடுக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒருவர் உண்மையான பழந்தோல் ஏடுகளில் புதிய ஓவியங்களைத் தீட்டிப் பலரை ஏமாற்றினார். பெயர் தெரியாத அவரைக் கலை வரலாற்றார் 'ஸ்பானியப் போலியர்' என்று அழைக்கின்றனர். அவர் பயன்படுத்திய பச்சையில் செம்புடன் ஆர்சனிக்கும் இருந்தது. அவ்வகைப் பச்சை 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிக்கு முன் செய்யப்பட்டதே இல்லை. தோல் பழையது, வண்ணம் புதியது என்று வேதியியல் தீர்ப்பளித்தது.

இனித் தனி ஏட்டால் சொல்ல முடியாதவற்றைப் பார்ப்போம். நூலை உடையவர் பெயரும் மடத்தின் பெயரும் பெரும்பாலும் முதல் அல்லது கடைசி ஏட்டில்தான் இருக்கும். நூலைப் பிரித்தவுடன் மற்ற ஏடுகள் ஊர் பெயர் இழக்கின்றன. எத்தனை எழுத்தர் எழுதினர், எத்தொகுதி எந்த ஓவியரிடம் கொடுக்கப்பட்டது, எந்தெந்த முன்னுரைகள் சேர்க்கப்பட்டன என்பவை நூல் முழுமையாக இருந்தால்தான் புலப்படும். பாரிசு விவிலியங்களில் பக்கத்தின் தலைப்பில் உட்பிரிவு நூலின் பெயர் இரண்டாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும்: முற்பாதி இடப் பக்கத்தில், பிற்பாதி எதிரே வலப் பக்கத்தில். ஆகவே தனியே பிரிந்த ஏட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் பாதிப் பெயர்தான் எஞ்சும்!

அறிவியல் ஆய்வும் இதை உணர்த்துகிறது. பை விவிலியங்களின் மிக மெல்லிய தோல்தாள், பிறவாத கன்றின் தோலால் ஆனது என்றும், முயல் போன்ற சிறு விலங்குகளின் தோலால் ஆனது என்றும் பலவாறு பேசப்பட்டு வந்தது. இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2015இல் இதற்கு விடை கண்டது. ஏட்டைச் சிறிதும் வெட்டாமல், சாதாரண அழிப்பானால் மெல்லத் தேய்த்தனர். அழிப்பான் துகளில் ஒட்டிய கொலாஜன் புரதத்தை நிறைமாலைமானியில் ஆராய்ந்து விலங்கின் இனத்தை அறிந்தனர். 72 பை விவிலியங்களைச் சோதித்ததில் கன்று, வெள்ளாடு, செம்மறியாடு ஆகியவையே கிடைத்தன. முயல் முதலியவற்றின் தடயம் இல்லை. தாளின் மென்மைக்குக் காரணம் தோலைச் சுரண்டியவரின் கைத்திறன் என்று தெரிந்தது. ஒரே நூலில் ஒன்றுக்கு மேற்பட்ட விலங்கின் தோல் கலந்திருப்பதும் வெளிப்பட்டது. நாடெங்கும் சிதறிய ஏடுகளை வைத்துக்கொண்டு இக்கடைசி முடிவுக்கு வந்திருக்க முடியுமா?

மீண்டும் சேர்த்தல்

சிதறியவை சேர்ந்த நிகழ்ச்சிகளும் உண்டு. நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் 1912இல் வாங்கிய ஒற்றை ஏடு ஒன்று உள்ளது. சவுல், தாவீது கதைகளை இருபுறமும் முழுப்பக்க ஓவியங்களாகக் கொண்ட அந்த ஏடு வின்செஸ்டர் விவிலியத்துக்காக ஆயத்தமானது எனக் கருதப்படுகிறது. அதைத் தீட்டிய பெயரறியா ஓவியர் 'மார்கன் ஏட்டின் ஆசான்' என்றே அழைக்கப்படுகிறார். 2014ஆம் ஆண்டு இறுதியில் நியூயார்க் பெருநகரக் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சிக்கு வின்செஸ்டர் விவிலியத்தின் பகுதிகள் கடல் கடந்து வந்தபோது ஏடும் நூலும் ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டன.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் இதைவிடக் கடினமான பணியை மேற்கொண்டது. பாரிசில் 1220ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டு, பின்னாளில் ஹார்ன்பி, காக்கரெல் என்னும் இரு ஆங்கிலச் சேகரிப்பாளர்களிடம் இருந்த விவிலியம் ஒன்று 1980களின் தொடக்கத்தில் பிரிக்கப்பட்டது. எழுநூற்றறுபது ஆண்டுகள் போர்களையும் கலகங்களையும் தாண்டி வந்த நூல், நம் காலத்தில் விற்பனைக்காகச் சிதறியது. அதன் ஏடுகளைத் தேடித் தேடி வாங்கியும், பிறரிடம் உள்ளவற்றின் படங்களைப் பெற்றும் அப்பல்கலைக்கழக நூலகம் நூலை மீட்டமைக்க முயன்று வருகிறது.

இன்று கணினி இதற்குப் பெருந்துணை. சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட 'ஃபிராக்மென்டேரியம்' திட்டம் 2017இல் தன் இணையத் தளத்தைத் திறந்தது. எந்த நாட்டில் உள்ள ஏட்டின் படத்தையும் அதில் வைத்து, உரிய வரிசையில் அடுக்க முடிகிறது. ஈகேயின் குடும்பத்தாரிடம் எஞ்சியிருந்த ஏடுகளும் நூல்களும் 2015இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. நாற்பது பெட்டிகளிலும் ஒரே எண்ணுள்ள ஏடுகள் ஒரே நூலைச் சேர்ந்தவை என்பதால், அவர் பிரித்த முறையே இன்று சேர்ப்பதற்குச் சாவியாகிறது. ஆயினும் திரையில் படங்கள் சேரும், தோல் சேராது. தையலின் அமைப்பும், கட்டின் தடயமும், ஓரத்தில் வெட்டியெறிந்த குறிப்புகளும் போனவை போனவையே.

சேகரிப்பவர் கடமை

தனி ஏடுகளைச் சேகரிப்பது முற்றிலும் தவறா? அவ்வாறு சொல்ல இயலாது. கிரீன்வெல் போன்றவர் இல்லையெனில் பல ஏடுகள் அடுப்பில் எரிந்திருக்கும். முன்பே பிரிந்துவிட்ட ஏட்டுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும். அதைத் தனியாரும் தரலாம். வேறுபாடு எங்கே உள்ளது என்றால், ஏடு எப்போது பிரிந்தது என்பதில் உள்ளது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே பிரிந்ததற்குச் சான்று உள்ள ஏட்டை வாங்குபவர் ஒரு நூலின் எச்சத்தைக் காக்கிறார். நேற்றுப் பிரித்த ஏட்டை வாங்குபவர் நாளை பிரிக்கப்போகும் நூலுக்கு முன்பணம் தருகிறார். ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இது எந்த நூலிலிருந்து, எப்போது பிரிந்தது?" என்பதே. விடை கிடைக்காவிட்டால் விட்டுவிடுவதே நன்று.

கையில் உள்ள ஏட்டைக் காப்பதற்கும் சில நெறிகள் உண்டு. தோல்தாள் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறி இறங்கும்போது முறுக்கிக்கொள்ளும். அப்போது மேலுள்ள பொன்னும் வண்ணமும் உதிரும். எனவே ஈரப்பதம் அதிகம் மாறாத இடத்தில் வைக்க வேண்டும். வெயில் படும் சுவரில் மாட்டக்கூடாது. பசை நாடா ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறைக்குள் வெப்பத்தால் அடைப்பதும் பெருங்கேடு. ஏட்டுடன் வரும் பழைய அட்டை, விலைச்சீட்டு, பென்சில் குறிப்பு ஆகியவற்றை எறியாமல் வைத்திருக்க வேண்டும். அது எந்த நூலைச் சேர்ந்தது என்பதற்கு அவையே துப்பு. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஏட்டின் இருபுறப் படங்களையும் ஆய்வாளருக்குக் கிடைக்கச் செய்வது.

எழுத்து மட்டும் உள்ள எளிய ஏட்டையும் பொன் ஏட்டுக்கு நிகராக மதிக்க வேண்டும். ஓவிய ஏடுகளை எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும் பழக்கத்தால் பல நூல்களின் பெரும்பகுதி சுவடின்றி மறைந்தது. கன்றின் தோலைச் சுரண்டியவர், மாசிக்காயை இடித்தவர், நாளெல்லாம் குனிந்து எழுதியவர் ஆகியோரின் உழைப்பு எல்லா ஏட்டிலும் ஒன்றே. பாதிப் பெயரைச் சுமந்து நிற்கும் ஓர் ஏடு யாரிடம் இருந்தாலும், அதன் மறுபாதி எங்கே உள்ளது என்று தேடும் கடமை அவரைச் சேர்ந்தது.